மூன்றாவது ஓட்டையை நம்பலாமா? பழைய வாடகை வீட்டு பிளக் பாயின்ட்டுகளைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

2021இல் திருவல்லிக்கேணியில் இந்தக் கீழ்ப் போர்ஷனுக்குக் குடிவந்தோம். சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது, காலி செய்துகொண்டு போன அக்கா ஃப்ரிட்ஜ் வைக்கும் மூலையைக் காட்டி ஒன்று சொன்னார். "இங்க ஃப்ரிட்ஜைத் தொடும்போது மட்டும் செருப்பு போட்டுக்கோங்கம்மா. லேசா சுர்ருங்கும், வேற ஒண்ணும் பண்ணாது." ஒரு ஜோடி ரப்பர் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

ஒரு வருடம் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் ஃப்ரிட்ஜைத் திறந்தோம். 2022 ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, வீடு துடைத்த ஈரம் காய்வதற்குள் ஆறு வயது மகள் வெறுங்காலோடு போய்க் கதவைப் பிடித்தாள். கத்தக்கூட இல்லை. கையை உதறிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அடி எதுவும் படவில்லை. ஆனால் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. ஒரு வருடமாக நான் செய்துகொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. ஷாக் அடிக்கும் வீட்டைச் சரிசெய்யாமல், ஷாக்கோடு வாழக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை. வீட்டில் தையல் வேலை செய்கிறேன். அதன்பின் நான் பார்த்ததையும் கேட்டதையும் செய்ததையும் எழுதுகிறேன். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்புச் சுவர், மரச் சட்டத்தின் மேல் ஓடும் ஒயர் என்று இருக்கும் பழைய வீட்டில் நீங்கள் குடியிருந்தால் இதில் பாதியாவது உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

ஃப்ரிட்ஜில் கோளாறே இல்லை

முதலில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டேன். இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜில் ஒன்றுமில்லை என்றார். அடுத்து தெருமுனைக் கடையில் சொல்லி ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இருநூறு ரூபா குடுங்க மேடம், நியூட்ரல்லேர்ந்து எர்த்துக்கு ஒரு லூப் போட்டுடறேன், அப்புறம் ஷாக்கே அடிக்காது" என்றார். எனக்குப் புரியவில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த லூப்பைப் போடாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று மூன்றாவதாக வந்தவர்தான் விளக்கினார். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவதாக வந்தவர் வயதில் பெரியவர், மின் கம்பியாள் சான்றிதழ் வைத்திருப்பவர். வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. "எப்பெல்லாம் ஷாக் அடிக்கும்னு சொல்லும்மா" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். தினமும் அடிப்பதில்லை. ஆர்டர் அதிகமாக இருக்கும் நாட்களில்தான், அதாவது அயர்ன் பாக்ஸ் ஓடும் நாட்களில். அவர் டெஸ்டரை ஃப்ரிட்ஜின் உடம்பில், பெயின்ட் போன ஒரு இடத்தில் வைத்தார். மங்கலாகச் சிவப்பு வெளிச்சம். ஹாலில் இருந்த அயர்ன் பாக்ஸ் பிளக்கை என்னைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கியதும் வெளிச்சம் அணைந்தது. மறுபடி சொருகச் சொன்னார். எரிந்தது.

நடந்தது இதுதான். என் அயர்ன் பாக்ஸின் எலிமென்ட்டில் கசிவு இருந்தது. கசிந்த கரண்ட், பிளக்கின் மூன்றாவது பெரிய பின்னான எர்த் பின் வழியாக எர்த் ஒயருக்குப் போயிருக்கிறது. எர்த் ஒயர் மண்ணுக்குப் போயிருந்தால் கரண்ட்டும் மண்ணுக்குப் போயிருக்கும். இந்த வீட்டிலோ எல்லா பிளக் பாயின்ட்டின் எர்த் ஒயரும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறது, மண்ணோடு மட்டும் சேரவில்லை. அதனால் ஹாலில் கசிந்தது சமையலறை ஃப்ரிட்ஜில் வந்து நின்றது. நான் ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்து பிளாஸ்டிக் கைப்பிடியைப் பிடித்து அயர்ன் பண்ணியதால் எனக்குத் தெரியவே இல்லை.

எர்த் ஒயர் எங்கே முடிகிறது என்று அவர் தேடிக்கொண்டே போனார். குளியலறைச் சுவரில், பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய் ஓடிய தடத்துக்குப் பக்கத்தில், ஒரு செம்புக் கம்பி வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்களாம். குழாய் மண்ணுக்குள் போவதால் அதுவே எர்த்தாக வேலை செய்யும். பிறகு எப்போதோ குழாய் துருப்பிடித்து, பிளம்பர் வந்து பிவிசி போட்டிருக்கிறார். கம்பியைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார். அன்றோடு வீட்டுக்கு எர்த் போயிற்று, யாருக்கும் தெரியவில்லை. விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, எர்த் இல்லாததை எதுவும் காட்டிக்கொடுக்காது. உங்கள் பழைய வீட்டிலும் இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தால், முதல் சந்தேகம் இங்கே வரவேண்டும்.

அந்த இருநூறு ரூபாய் லூப்

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பழைய வீடுகளில் இது சகஜமாக நடக்கிறது. எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டில், கரண்ட் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரலின் திருகிலிருந்து எர்த் திருகுக்கு ஒரு துண்டு ஒயரைப் போட்டுவிட்டால் கசிவு நியூட்ரல் வழியாகப் போய்விடும், ஷாக் நின்றுவிடும். பார்ப்பதற்குச் சரியானது போலவே இருக்கும்.

ஆனால் நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால்? எங்கள் மெயினில் இரண்டு பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இருந்தன. ஒன்று கரண்ட் வரும் ஒயரான ஃபேஸுக்கு, ஒன்று நியூட்ரலுக்கு. பழைய வீடுகளில் இப்படி இரண்டிலும் ஃபியூஸ் இருக்கும். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால், ஃபேஸ் கரண்ட் ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ் மோட்டார் எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்து நியூட்ரல் ஒயரில் வந்து, போக வழி இல்லாமல் நிற்கும். அந்த நியூட்ரலோடு எர்த் பின்னைக் கட்டிவைத்திருந்தால், அது நேராக ஃப்ரிட்ஜின் உடம்புக்கும் கிரைண்டரின் உடம்புக்கும் வந்துவிடும். லேசான சுர் இல்லை, முழு 230 வோல்ட். அதுவும் வீட்டில் எதுவும் எரியாதபோது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸை எடுக்கப் போகும் நேரம் அது.

உங்கள் வீட்டில் யாராவது ஒரு பிளக் பாயின்ட்டைத் திறந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு நேரடியாக ஒரு துண்டு ஒயர் போனால் அதை அன்றே எடுக்கச் சொல்லுங்கள்.

திறக்காமல் பார்க்கக்கூடியவை

ஸ்விட்ச் போர்டின் திருகை நீங்கள் கழற்ற வேண்டாம். கழற்றாமலே கண்ணும் மூக்கும் நிறையச் சொல்லும். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பிளக் பாயின்ட்டாகப் பார்த்து, போனில் போட்டோ எடுத்துக்கொண்டே போங்கள்.

ஓட்டையைச் சுற்றி பழுப்புக் கறை, உருகிய விளிம்பு, விரிசல் இருக்கிறதா? மூடி ஆடுகிறதா? பிளக்கைச் சொருகினால் தானாகக் கீழே சரிகிறதா? ஸ்விட்சைப் போடும்போது கிர்ரென்று சத்தம் கேட்கிறதா? போர்டின் பக்கத்தில் மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை வந்தால், உள்ளே பிளாஸ்டிக் சூடேறுகிறது என்று அர்த்தம். மீன் வாங்காத நாட்களிலும் எங்கள் ஹாலில் அந்த வாடை இரண்டு மாதம் இருந்திருக்கிறது, பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அயர்ன் பாக்ஸையோ இன்டக்‌ஷன் அடுப்பையோ கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, அதன் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. திருவல்லிக்கேணி மாதிரிக் கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்று பித்தளைப் பட்டைகளைச் சீக்கிரம் கெடுக்கும். தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தால்கூட, 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு இழுக்கும் 8.7 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் கிட்டத்தட்ட 38 வாட் சூடு பிறக்கும். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றைச் சுவருக்குள் வைத்தது போல.

அடுத்து டெஸ்டர். காலில் ரப்பர் செருப்பு, கை காய்ந்திருக்க வேண்டும், டெஸ்டரின் உறையில் விரிசல் இருக்கக் கூடாது. முதலில் நன்றாக வேலை செய்யும் ஒரு பாயின்ட்டில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் பாயின்ட்டை நேராகப் பார்த்தால், பெரிய ஓட்டை மேலே இருக்கும், அது எர்த். கீழே வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். ஸ்விட்ச் போட்டால் வலதில் மட்டும் எரிய வேண்டும். ஸ்விட்சை அணைத்த பிறகும் வலதில் எரிந்தால், ஸ்விட்சை நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கையை வைப்பவர்களுக்கு ஷாக் அடிக்கும். இடதில் எரிந்தால் ஒயர் மாறியிருக்கிறது அல்லது நியூட்ரல் விட்டிருக்கிறது. மேல் ஓட்டையில் எரிந்தால் அந்த போர்டைத் தொடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். புது சாக்கெட்டுகளில் உள்ளே மூடி இருப்பதால் கீழ் ஓட்டைகளில் டெஸ்டர் போகாது, அதை நெம்ப வேண்டாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல் ஓட்டையில் டெஸ்டர் எரியவில்லை என்றால் எர்த் இருக்கிறது என்று பொருள் இல்லை. நல்ல எர்த்திலும் எரியாது, ஒயரே இல்லாத வெறும் ஓட்டையிலும் எரியாது. எர்த் இருக்கிறதா என்று தெரிய, எலக்ட்ரீஷியன் ஒரு குண்டு பல்பை ஹோல்டரில் போட்டு இரண்டு ஒயர் நீட்டிக் கொண்டுவருவார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தால் எரியும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தாலும் அதே பிரகாசத்தில் எரிய வேண்டும். மங்கினால் எர்த் பலவீனம், எரியவே இல்லை என்றால் எர்த் இல்லை. இந்தச் சோதனையை அவர்தான் செய்ய வேண்டும், நாம் செய்யக் கூடாது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் மூன்று சின்ன விளக்கு வைத்த சாக்கெட் டெஸ்டர் கிடைக்கும். பிளக் மாதிரிச் சொருகினால் போதும். எர்த் இல்லை, ஒயர் மாறியிருக்கிறது என்பதையெல்லாம் காட்டும். எர்த் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று காட்டாது. நியூட்ரல் லூப் போட்ட பாயின்ட்டையும் நல்ல பாயின்ட் என்றே காட்டும். அதனால் அது சரி என்று சொன்னால் முழுதாக நம்பாதீர்கள், தப்பு என்று சொன்னால் நம்புங்கள்.

எதை எதில் சொருகலாம்

சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர், பழையதில் 5 என்று இருக்கும். பெரியது 16, பழையதில் 15. நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் என்பதால் 6 ஆம்பியர் பாயின்ட் தாங்குவது 1380 வாட் வரைதான். மிக்சி, கிரைண்டர், டிவி, ஃப்ரிட்ஜ், 1000 வாட் அயர்ன் பாக்ஸ் எல்லாம் இதில் போகலாம். கீசர், ஏசி, 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு போகக் கூடாது. பெரிய பிளக்கைச் சின்ன ஓட்டையில் நுழைக்க ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்கள். அதை வாங்கினால் பிளக் நுழையும், ஆனால் சுவருக்குள் இருக்கும் ஒயர் தடிமனாகிவிடாது. 16 ஆம்பியர் பாயின்ட்டுக்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வேண்டும், ஏசிக்கும் பெரிய கீசருக்கும் 4.

பிளக் இல்லாமல் ஒயரைச் சீவி ஓட்டையில் விட்டு தீக்குச்சி சொருகுவது, மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னாக ஆக்குவது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகுவது: இவற்றைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத ஒன்றுமில்லை, இன்றே நிறுத்துங்கள். எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது, சொருகும்போது முதலில் சேர்ந்து பிடுங்கும்போது கடைசியில் விடுவதற்காக. உடைப்பது அந்தப் பாதுகாப்பைத்தான்.

யார் செலவு, எப்படிப் பேசுவது

தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த 2017இல் ஒரு சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணையில் எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். எழுத்து ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதவரை, வீட்டின் உள், வெளி ஒயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. ஸ்விட்ச், சாக்கெட் ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு. அதாவது உடைந்த பிளக் பாயின்ட்டை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்குப் பின்னால் கருகிய ஒயரையும் இல்லாத எர்த்தையும் அவர் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்ய மறுத்தால் குடியிருப்பவர் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது, ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேச்சை இதில் ஆரம்பிக்காதீர்கள், சண்டையாகிவிடும். என் அனுபவத்தில் போட்டோவும் ஒரு நேரடிச் சோதனையும் சட்டத்தைவிட வேகமாக வேலை செய்தன.

வாட்ஸ்ஆப்பில் நான் அனுப்பியது இதுதான்: "வணக்கம் அம்மா. ஹால் பிளக் பாயின்ட் உருகியிருக்கிறது, போட்டோ பாருங்கள். வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு ஃப்ரிட்ஜில் ஷாக் அடித்தது. எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு வீட்டுக்கு எர்த் இல்லை என்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை அவரை வரச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்." தேதியோடு எழுத்தில் இருப்பது பின்னால் உதவும்.

ஓனர் அம்மா வந்தார். "முப்பது வருஷமா இப்படித்தாம்மா இருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றார். எலக்ட்ரீஷியன் பதில் பேசவில்லை. பல்பை எடுத்து ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார், ஹால் மூலை பளிச்சென்று ஆனது. ஒரு ஒயரை நியூட்ரலிலிருந்து எடுத்து எர்த்தில் வைத்தார். இருட்டு. ஓனர் அம்மா அந்த அணைந்த பல்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மாடியிலயும் இப்படியா?" என்று கேட்டார். மாடியில் இருப்பது அவருடைய மகன் குடும்பம். மாடியிலும் அப்படித்தான் இருந்தது.

எர்த் குழிக்கான செலவை அவர் ஏற்றுக்கொண்டார். பிளக் பாயின்ட்டுகளும், கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவியும் என் செலவு.

மீட்டர் வரைக்கும் ஈபி பொறுப்பு. மீட்டரில் சீல் உடைந்திருந்தாலோ, சர்வீஸ் ஒயர் தொய்ந்து தீப்பொறி வந்தாலோ நம் எலக்ட்ரீஷியனும் தொடக் கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம்.

என்ன வேலை, எந்த வரிசையில்

பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால் ஆர்சிசிபிக்குப் போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று அதன் முகத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். லோடு அதிகமானால் தானாக விழும் எம்சிபி ஸ்விட்ச் இருக்கிறதே, அது போதாதா என்று நானும் கேட்டேன். எம்சிபி ஒயரைக் காப்பாற்றுவது, ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றுவது. ஈரக் காலோடு நிற்கும் ஒருவர் உடம்பின் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் அவர் வழியாக 230 மில்லி ஆம்பியர் ஓடும். இதயத்தை நிறுத்த அது தாராளம். ஆனால் 60 வாட் குண்டு பல்பு எடுக்கும் கரண்ட்டைவிட அது குறைவு. 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பல்பு எரிவது போலத்தான் தெரியும், விழாது. ஆர்சிசிபி வேறு மாதிரி வேலை செய்கிறது. ஃபேஸில் போனது முழுக்க நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 0.3 வினாடிக்குள் கரண்ட்டைத் துண்டித்துவிடும். எர்த்தே இல்லாத வீட்டிலும் இது வேலை செய்யும் என்பதுதான் வாடகை வீட்டுக்காரர்களுக்கு முக்கியமான செய்தி. வீட்டுக்காரர் எதற்கும் அசையாவிட்டாலும், அவரிடம் சொல்லிவிட்டு உங்கள் போர்ஷனின் மெயினுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் இதைப் பொருத்திக்கொள்ளலாம். எனக்கு 2022இல் டப்பா, ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய் ஆயிற்று.

ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்சிசிபியால் கண்டுபிடிக்க முடியாது. அதிக லோடையும் அது பார்க்காது, அதற்கு எம்சிபி கூடவே வேண்டும். எங்கள் பீங்கான் ஃபியூஸ் கட்டையில் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் ஒயரிலிருந்து உருவிய தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருந்தார்கள். அந்தக் கம்பி உருகும் முன் சுவருக்குள் இருக்கும் ஒயர் எரிந்திருக்கும். கட்டைகளை எடுத்துவிட்டு எம்சிபி போட்டோம்.

ஆர்சிசிபி போட்டதும் அது அடிக்கடி விழுந்தால், "இது ஒத்துவராது, எடுத்துடலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. எடுக்க விடாதீர்கள். எங்கேயோ கசிவு இருக்கிறது, ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தால் அகப்படும். எல்லாவற்றையும் பிடுங்கியும் விழுந்தால், ஒரே வீட்டைப் போர்ஷன்களாகப் பிரித்தபோது உங்கள் நியூட்ரலும் பக்கத்துப் போர்ஷன் நியூட்ரலும் கலந்திருக்கலாம். அதையும் பிரித்தாக வேண்டும்.

அடுத்தது எர்த். எங்கள் வீட்டில் கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் மட்டும்தான் மண் தெரியும் இடம். அங்கே குழி தோண்டி, எட்டடி ஜிஐ பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினார்கள். அங்கிருந்து பச்சை ஒயர் மெயின் போர்டுக்கு வந்தது. குழி வாயில் ஒரு சின்ன மூடி வைக்கச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும், வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் அவர் அந்தப் பழைய அயர்ன் பாக்ஸை எடுத்துவரச் சொன்னார். சொருகி ஸ்விட்சைப் போட்டதும் டக்கென்று ஆர்சிசிபி விழுந்தது. மூன்று முறை செய்து காட்டினார், மூன்று முறையும் விழுந்தது. ஒரு வருடமாக ஃப்ரிட்ஜ் கதவில் வந்து நின்றது அதுதான்.

கடைசியாகத்தான் பிளக் பாயின்ட்டுகள். ஐஎஸ்ஐ முத்திரையும், ஓட்டைக்குள் மூடியும் இருப்பதாக வாங்குங்கள். குழந்தை பின்னூசியை நுழைத்தாலும் போகாது. உருகிய சாக்கெட்டை மாற்றும்போது பின்னால் ஒயரின் கருகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சீவிப் பொருத்தச் சொல்லுங்கள். ஒயர் வெள்ளி நிறமாக இருந்தால் பெரும்பாலும் அலுமினியம். அதைச் செம்போடு முறுக்கி டேப் சுற்றி விடக் கூடாது, அந்த இணைப்பு சீக்கிரம் தளர்ந்து சூடாகும். செம்பு ஒயராக மாற்றக் கேட்பது அங்கே நியாயமான கோரிக்கை.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் சுண்ணாம்புச் சுவர் தண்ணீரை உறிஞ்சும். ஈரம் படர்ந்த சுவரில் இருக்கும் போர்டைக் காயும்வரை பயன்படுத்த வேண்டாம். அந்த வரிசையின் எம்சிபியை அணைத்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் ஏற ஆரம்பித்ததும், வாசற்படியைத் தொடும் முன்பே மெயினை அணைத்தேன். தண்ணீருக்குள் நின்றுகொண்டு மெயினைத் தொடக் கூடாது, அதனால் முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை அது. வடிந்த பிறகும் நனைந்த பிளக் பாயின்ட்டுகளைத் திறந்து காயவைத்து, எலக்ட்ரீஷியன் பார்த்த பின்தான் போட்டோம்.

யாருக்காவது கரண்ட் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விலக்குங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவில் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே இருங்கள். மெயின் எங்கே இருக்கிறது, எதைக் கீழே தள்ள வேண்டும் என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் மகளுக்கு ஸ்டூல் போட்டு ஏறிச் செய்யவும் தெரியும்.

ஆர்சிசிபியில் டி என்ற ஆங்கில எழுத்து போட்ட ஒரு சின்ன பட்டன் இருக்கும். வாடகை கொடுக்கும் அன்று அதையும் அழுத்திவிடுவது என்று வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ஓடினால் முதலில் அணைத்துவிடுங்கள். பட்டனை அழுத்தியதும் டக்கென்று விழ வேண்டும். விழுந்தால் மேலே தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கலாம். விழவில்லை என்றால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.